கெல்ஸ் நூலின் ஒரு பக்கத்தைப் பார்க்கும் முறை

அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரி பாதுகாத்துவரும் கெல்ஸ் நூல், ஏறத்தாழ 800ஆம் ஆண்டில் துறவிகள் கன்றுத்தோலில் எழுதி வண்ணம் தீட்டிய நற்செய்திப் பிரதியாகும். அக்கல்லூரி நூலகம் இணையத்தில் வைத்துள்ள படங்களில் 34ஆம் ஏட்டின் முன்பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள்.

உடனே பெரிதாக்க வேண்டாம். கிறிஸ்துவின் பெயரைச் சுருக்கிக் குறிக்கும் மூன்று கிரேக்க எழுத்துகளே பக்கத்தை ஏறக்குறைய முழுவதும் நிறைத்துக்கொள்ள, வாசகத்தின் மற்றச் சொற்கள் கீழே வலது மூலையில் ஒடுங்கிக் கிடப்பதை முதலில் கவனியுங்கள். பிறகு பெரிய எழுத்தின் அடிப்பகுதியை நெருங்கிப் பார்த்தால், இரண்டு எலிகள் ஒரு வட்ட அப்பத்தைக் கவ்வியிருக்க, பூனைகள் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். வழிபாட்டு நூலில் இத்தகைய குறும்புக்கும் இடமிருந்தது வியப்புக்குரியது. சற்று வலப்புறம் நகர்த்தினால், மீனைக் கவ்விய கரிய நீர்நாய் ஒன்றும் தென்படும்.