பேஸ்மேக்கர் வைத்தபின் கிளினிக்கில் கேட்க வேண்டிய எண்

இதயம் பலவீனமாகி, மேலறையின் துடிப்பும் நிரந்தரமாக ஒழுங்கு தப்பிப்போன ஒருவருக்கு, கீழறைகள் இரண்டையும் ஒன்றாகத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்களா? அடுத்த கிளினிக்கில் பற்றரியைப் பற்றிக் கேட்கும்போதே, "நூற்றுக்கு எத்தனை துடிப்பை மெஷின் கொடுத்திருக்கிறது?" என்றும் கேளுங்கள். நான் அப்பாவோடு மூன்றாம் தரம் போனபோதுதான் கேட்டேன், முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

98க்கு மேல் இருந்தால் நல்லது. மேலறையின் தாறுமாறான வேகம் கீழே இறங்கி மெஷினை முந்திக்கொண்டால் மெஷின் வேலை செய்யாமல் ஒதுங்கி நிற்கும், ஆளுக்குக் களைப்பும் கால்வீக்கமும் அப்படியே இருக்கும். சில வேளை இதயத்தின் சொந்தத் துடிப்பும் மெஷின் கொடுப்பதும் கலந்த துடிப்பையும் மெஷின் தன் கணக்கில் எழுதிவிடும் என்பதால், எண் நன்றாக இருந்தும் ஆள் தேறவில்லை என்றால் 24 மணி நேரமும் இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

எண் குறைவென்றால் முதலில் பீட்டா பிளாக்கர், டிகொக்சின் போன்ற குளிசைகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். அதுவும் சரிவராவிட்டால், தொடை இரத்தக் குழாய் வழியாக வயர் விட்டு, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஏவி கணுவைச் சுட்டு அந்த வழியை அடைப்பார்கள். அதற்குப் பிறகு ஆள் பெரும்பாலும் மெஷினை நம்பித்தான் இருக்க வேண்டும். பயப்படுவது இயல்பு, ஆனாலும் வைத்தியரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். இதய பலவீனத்தால் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் படுத்தவர்களிடம் செய்து 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 29 சதவீதம் பேர் இறந்தார்கள். கணுவைச் சுட்டு இந்த பேஸ்மேக்கரும் வைத்தவர்களில் 11 சதவீதம்.

இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தை மெஷின் வந்துவிட்டதென்று நிறுத்தவே கூடாது, மேலறை இன்னும் ஒழுங்கில்லாமல்தான் துடிக்கிறது. வார்பரின் என்றால் முருங்கையிலை, வல்லாரையை ஒரு கிழமை அள்ளிப்போட்டு மறுகிழமை விட்டுவிடாமல் ஒரே அளவில் சமையுங்கள்.

முதல் நான்கு, ஆறு கிழமை மெஷின் வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்க விடாதீர்கள். கிணற்றில் வாளி இழுப்பதும் கொடியில் உடுப்புப் போடுவதும் வேறு ஆளின் வேலை. நல்லூரில் பிரதட்டை செய்யும் நேர்த்தி இருந்தால் வைத்தியரைக் கேட்டுத் தள்ளிப் போடுங்கள். அப்பாவுக்குச் சட்டைப் பையில் போன் வைக்கிற பழக்கம், அதை இப்போது சாரத்து மடிக்கு மாற்றியிருக்கிறோம். மெஷினிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் போதும்.

காயம் சிவந்தாலோ, சூடாக இருந்தாலோ, நீர் கசிந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிட முன் நிறை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள்.