அடுத்தவர் பிராசஸை எட்டிப்பார்க்க முடியாமல் செய்தது

பலர் லாகின் செய்யும் எங்கள் லினக்ஸ் சர்வரில் ஓடும் பிராசஸ்களை, அதாவது இயங்கும் புரோகிராம்களைப் பட்டியலிடும் பிஎஸ் (ps) கட்டளை போட்டால் அடுத்தவர் ஓட்டும் ஸ்கிரிப்டுக்குக் கொடுத்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வரை அப்படியே தெரிந்தது. இதை விட்டுவைக்கவே கூடாது. எதை எப்படி மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பில், பிராசஸ் விவரங்களைக் காட்டும் புராக் (/proc) வரியில் ஹைட்பிட்=2 (hidepid=2) சேர்த்து ரீமவுண்ட் செய்தேன்; 2012இல் லினக்ஸ் 3.3 கர்னலோடு வந்த வசதி, ரூட் (நிர்வாகி) தவிர மற்றவர்களுக்கு அவரவர் பிராசஸ் மட்டும்தான் தெரியும். ஆனால் லாகின்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி-லாகின்டி சர்வீஸ் தடுமாறியது, அதே வரியில் ஜிஐடி (gid, குழு எண்) ஆப்ஷனில் ஒரு குழுவுக்கு விலக்கு கொடுத்து அந்த சர்வீஸை அதில் சேர்த்த பிறகுதான் சரியானது. அப்புறம், ஒரே யூசரின் பிராசஸ்கள் ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று படிப்பதை ஹைட்பிட் தடுக்காது. அதற்கு கர்னலின் பாதுகாப்பு மாட்யூலான யாமாவில், ஒரு பிராசஸ் இன்னொன்றை ஆராய்வதைக் கட்டுப்படுத்தும் பிட்ரேஸ்_ஸ்கோப்பை (ptrace_scope) 1 என வைத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸில் ஜிடிபி (gdb) டீபக்கரை இணைக்க இப்போது சூடோ (ரூட் அனுமதி) வேண்டும், டெவலப்பர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.