கடலூர், புதுச்சேரி வருகிறவர்களுக்கு: கறி எடுப்பதும் சமைப்பதும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் பயணச்சீட்டு போடும்போதே நாள்காட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போய் வஞ்சிரத்தையும் வவ்வாலையும் தேட வேண்டாம். நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டுவரும் நெத்திலியோ நண்டோ கிடைத்தால் வாங்குங்கள். பெரிய மீன் என்று விற்பதில் நிறைய, மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்தவை. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி வருகிற பலருக்கும் இந்தக் காலம்தான் வாய்க்கிறது. அதற்காக வருத்தப்பட வேண்டாம். நம் பக்கத்துக் கறிக்குழம்பு நன்றாக அமைவதே கோடையில்தான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

கறிக்கடைக்கும் மூடும் நாட்கள் உண்டு. தமிழ்நாட்டில் திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாளான தைப்பூசம், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் இறைச்சி விற்கக் கூடாது. திருவள்ளுவர் நாள் மாட்டுப் பொங்கலோடு சேர்ந்து வருவதால், பொங்கலுக்கு வருகிறவர்கள் கறி விருந்தைக் காணும் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு ஊரில் இருந்தால் வடலூருக்குப் போங்கள். வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அந்தச் சோற்றை ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வாருங்கள். புரட்டாசியில் உறவினர் வீட்டில் கறி கேட்கவே வேண்டாம். திருவந்திபுரம் பெருமாளுக்கு விரதம் இருக்கிற வீடுகள் இங்கே அதிகம். நீங்கள் கேட்டால், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை மனம் கோணக்கூடாது என்று தனிச் சட்டி வைத்துச் சமைத்துக் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு அந்தச் சங்கடம் எதற்கு?

சரி, கடைக்குப் போவோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். வெளிநாட்டில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் செம்மறி, அதுவும் குளிரில் பல நாள் இருந்தது அல்லது உறைந்தது. இங்கே வெள்ளாடு, அன்று விடியற்காலையில் அறுத்தது. கொழுப்பு குறைவு, நார் கெட்டி, எலும்போடு சேர்த்துத்தான் ருசி. அதனால் அங்கே கைவந்த பக்குவத்தை அப்படியே இங்கே செய்தால் கறி ரப்பராகும். வாங்கியதைப் பிரிட்ஜில் தள்ளிவிட்டு மாலையில் எடுத்துச் சமைத்தாலும் துண்டு விறைத்துப்போகும். காலையில் எடுத்த கறி காலையிலேயே அடுப்பேற வேண்டும்.

“ஒரு கிலோ மட்டன்” என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கைக்கு வந்ததை வெட்டுவார். என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். “பாய், குழம்புக்கு” என்றால் நெஞ்செலும்பும் கழுத்தும் கொஞ்சம் தொடையும் கலந்து தருவார். வறுவலுக்குத் தொடைக்கறியைப் பொடியாக வெட்டச் சொல்லுங்கள். பயணக் களைப்பில் வயிறு சரியில்லாமல் வந்த முதல் இரண்டு நாளுக்கு நெஞ்செலும்பை மிளகு சீரகம் தட்டிப்போட்டுச் சாறு வைத்துக் குடிப்பதே போதும். ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) சீக்கிரம் தீர்ந்துவிடும். வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். குடல், தலைக்கறி, கால் இவற்றை வீட்டில் சுத்தம் செய்யத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அரைகுறையாகக் கழுவிய குடலைப் போல விருந்தைக் கெடுப்பது வேறில்லை.

இனி கோடைக் குழம்பு. மார்ச் முதல் மே வரை பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காலம். அதைத் தொட்டுப் பலாக் காலம். பச்சை முந்திரிப் பருப்பை வெந்நீரில் போட்டுத் தோலுரித்துக் கறியோடு சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறீர்களா? காய்ந்த முந்திரியில் அந்த ருசி வராது. முந்திரி முடிந்துவிட்டால் பலாக்கொட்டை. மேல்தோலை உரித்து இரண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு போடுகிற இடத்தில் இது எவ்வளவோ மேல்.

கறியைக் கழுவி, மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது சேர்த்து, தண்ணீர் ஊற்றாமல் மூடி வையுங்கள். முதலில் அது விடுகிற நீரிலேயே வேக வேண்டும். அந்த நீர் சுண்டியதும் சுடுதண்ணீர் ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது. வேறு சட்டியில் மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் காய்ந்ததும் பட்டை, சோம்பு, கைநிறைய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தக்காளி. மல்லியும் காய்ந்த மிளகாயும் மிளகும் சீரகமும் வறுத்து அரைத்ததை அதில் போட்டு எண்ணெய் பிரிய வதக்கி, முக்கால் வேக்காட்டில் இருக்கிற கறியைச் சாற்றோடு கொட்டுங்கள். பலாக்கொட்டையும் அப்போதுதான் போக வேண்டும். கடைசியில் தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றி ஒரு கொதி. குக்கர்தான் என்றால் இளங்கறிக்கு நான்கைந்து விசில் போதும். மசாலாவைக் குக்கருக்குள் போடாமல் பிறகு சேருங்கள். மிஞ்சியதை மறுநாள் காலை தோசைக்கு ஊற்றிக்கொள்ளலாம். எனக்குக் குழம்பைவிட அந்தத் தோசைதான் பெரிது.

நாட்டுக்கோழி என்று பலகை போட்ட கடையில் எல்லாம் நாட்டுக்கோழி இருக்காது. பண்ணையில் வளர்த்த கலப்பினம்தான் அதிகம். உறவினர் ஊரில் சொல்லி வைத்து வீட்டில் வளர்ந்த வெடக்கோழியாக (இன்னும் முட்டையிடாத இளங்கோழி) வாங்குங்கள். தோலோடு மஞ்சள் தடவி வாட்டி, சின்னத் துண்டாக வெட்ட வேண்டும். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, கடைசியில் தட்டிப்போட்ட மிளகு. வேறு மசாலா தேவையே இல்லை. பிராய்லர் இருபது நிமிடத்தில் வெந்துவிடும். இது முக்கால் மணி நேரமாவது மூடிய சட்டியில் சிறு தீயில் கிடக்க வேண்டும்.

புதுச்சேரியில் தங்குகிறவர்கள் காலையில் குபேர் அங்காடிக்கு ஒரு நடை போங்கள். அங்கே பழைய கிறிஸ்தவ வீடுகளில் பன்றிக்கறிக்கு ஒரு பக்குவம் உண்டு. வினிகரும் பூண்டும் சேர்த்து அரைத்த மசாலாவில் ஊறவைத்து, கொழுப்பு உருகும்வரை சிறு தீயில் வேகவிடுவார்கள். யாராவது விருந்துக்கு அழைத்தால் தவறவிடாதீர்கள்.

வயல்வெளிப் பக்கம் கொக்கு, மடையான், காட்டு முயல் என்று யாராவது ரகசியமாக விற்றால் வாங்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஏரிக்கு வருகிற பறவையை விட்டுவிட்டுப் பண்ணைக் காடை வாங்கிப் பொரியுங்கள்.

திரும்பிப் போகும்போது அம்மா கட்டிக்கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். உப்புக்கண்டம், அதாவது உப்புப் போட்டுக் காயவைத்த கறி, பிரான்ஸுக்குப் போகாது. வெளியிலிருந்து இறைச்சி கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை. அதை இங்கேயே பொரித்துச் சாப்பிட்டுவிடுங்கள். கருவாடு அந்தத் தடையில் வராது, ஆளுக்கு 20 கிலோ வரை மீன் வகைகளுக்கு அனுமதி உண்டு. தாளிப்பு வடகமும் எடுத்துக்கொள்ளுங்கள். கருவாட்டுக் குழம்புக்கு அது இல்லாமல் நம் ஊர் வாசம் வராது. ஆனால் சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவுதி போகிறவர்கள் பையில் கசகசா ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது, பிடித்தால் சிறைவரை போகும். அரைத்துக் கொடுத்த கறி மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பையில் வையுங்கள். அங்கே போய்க் குழம்பு வைக்கும்போது அதற்குப் பதில் பத்துப் பன்னிரண்டு முந்திரியை அரைத்து ஊற்றினால் அதே கெட்டி வந்துவிடும்.