மின்சுற்றைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டார்ச் பல்பு, ஒரு பென்சில் செல், ஒரே ஒரு துண்டுக் கம்பி ஆகியவற்றை மட்டும் கொடுத்துப் பல்பை எரியவைக்கச் சொன்னால், மின்சுற்றுப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளும் தடுமாறுவதுண்டு. கம்பியின் ஒரு முனையைச் செல்லின் நேர்முனையிலும் மறுமுனையைப் பல்பின் அடிப்புள்ளியிலும் வைத்துவிட்டு, செல் தீர்ந்துவிட்டதோ என்று கேட்பார்கள். பிள்ளையிடம் குறை காண்பதற்கு முன், நாம் பாடத்தை எங்கிருந்து தொடங்கினோம் என்று பார்ப்பது நல்லது.

ஹோல்டரில் மாட்டிய பல்பைக் கையில் கொடுத்துத் தொடங்குவதுதான் மிகப் பரவலான தவறு. ஹோல்டர் வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளை கண்ணால் பார்த்தாக வேண்டிய இரண்டு தொடுமுனைகளையும் அது மறைத்துவிடுகிறது. பல்பைத் தனியாகக் கொடுத்து, ஒரு பூதக்கண்ணாடியும் கொடுங்கள். அடியில் ஈயம் வைத்த ஒரு புள்ளி, பக்கவாட்டில் மரை கொண்ட உலோக உறை, இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தைக் கடத்தாத ஒரு வளையம், கண்ணாடிக்குள் மெல்லிய இழையைத் தாங்கும் இரண்டு கால்கள் ஆகியவற்றைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். ஒரு கால் புள்ளியோடும் மற்றொன்று உறையோடும் இணைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, மின்னோட்டம் ஒரு வழியாக நுழைந்து மறு வழியாக வெளியேற வேண்டும் என்பதை நாம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒரே கம்பியைக் கொண்டு பல்பை எரியவைக்க நான்கு விதமான அமைப்புகள் உண்டு. நான்கையும் தேடிப் பிடிக்கும் வரை அவசரப்படுத்தாதீர்கள்.

ஒரு கம்பி போதும் என்ற எண்ணம் வீட்டிலிருந்தே வருகிறது. மின்விசிறிக்கும் சார்ஜருக்கும் வெளியே தெரிவது ஒற்றை வயர்தானே! பழுதாகித் தூக்கிப்போட்ட ஒரு சாதனத்தின் வயரை, பிளக்கை அறவே வெட்டி நீக்கிய பின் பெரியவர்களே குறுக்காக நறுக்கிக் காட்டினால், உறைக்குள் தனித்தனிக் கம்பிகள் இரண்டோ மூன்றோ ஓடுவதைப் பிள்ளை பார்த்துவிடும்.

பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்ற நம்பிக்கை இதைவிட ஆழமானது. நம்முடைய சோதனைகளே பல சமயம் அதற்குச் சாட்சி சொல்லிவிடுகின்றன. 2.5 வோல்ட் பல்புகள் இரண்டைத் தொடராக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில் இணைத்து, ஒரே ஒரு 1.5 வோல்ட் செல்லைக் கொடுத்தால், இரண்டும் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. வெவ்வேறு வகைப் பல்புகளாக அமைந்துவிட்டால், ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கலாகவும் எரியும். முதல் பல்பு எடுத்துக்கொண்டதில் மிச்சம்தான் அடுத்ததற்குப் போகிறது என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். எனவே, பல்புகளை முன்கூட்டியே ஒரே செல்லில் தனித்தனியாக எரியவைத்து, வெளிச்சம் ஒத்திருக்கும் ஒரு சோடியைத் தேர்ந்துகொண்டு, இரண்டு செல்களோடு சோதனையைச் செய்ய வேண்டும். இணைப்பதற்கு முன்பே, எந்தப் பல்பு அதிகமாக எரியும் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குவது முக்கியம். பிறகு பல்புகளை இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லலாம். மின்னோட்டம், மின்னழுத்தம் போன்றவற்றை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டத்தை அளந்து இரண்டும் ஒன்றே என்று காட்டலாம். மின்னோட்டம் அளக்கும் நிலையில் வைத்த மீட்டரைச் செல்லின் இரு முனைகளில் நேரடியாக வைத்துவிடக் கூடாது. குறைவது செல்லில் உள்ள வேதி ஆற்றல்தான் என்பதை அந்த இடத்தில் சொன்னால் மனத்தில் பதியும்.

குழாயில் ஓடும் தண்ணீரை உவமையாகச் சொல்வது வழக்கம். ஆனால் குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். கம்பியை வெட்டினால் ஒன்றும் கொட்டுவதில்லை, ஓட்டமே நின்றுவிடுகிறது. சைக்கிள் செயின் இதைவிடப் பொருத்தமானது: மிதித்த கணமே சுற்று முழுவதும் நகர்கிறது, செயின் எங்கும் தீர்ந்துபோவதில்லை, ஓரிடத்தில் அறுந்தால் எல்லா இடத்திலும் நின்றுவிடுகிறது. ஸ்விட்சைப் பல்புக்கு முன்னால்தான் வைக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. இந்தச் சிறிய சுற்றில் அதை எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான்.

எல்.இ.டி.யோடு தொடங்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ஒரு திசையில் மட்டுமே எரியும். சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டும் வெள்ளைக்கு ஏறத்தாழ 3 வோல்ட்டும் வேண்டும் என்பதால் ஒற்றைச் செல்லில் எரியாது. 9 வோல்ட் பேட்டரியில் நேரடியாக வைத்தால் கருகிவிடும். தொடரில் 470 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்து அதைப் பயன்படுத்துவது இரண்டாம் கட்டத்துக்கு உரியது. குறியீட்டு வரைபடமும் அப்படியே. பிள்ளை தன் மேசையில் இருப்பதை இருக்கிறபடியே வரைந்து பழகுவதற்கு முன்பே செல்லின் குறியீட்டில் நெடுங்கோடு நேர்முனை, குறுங்கோடு எதிர்முனை என்று எழுதிப்போட்டால், அது படத்தை மட்டுமே மனப்பாடம் செய்யும்.

பாதுகாப்பில் இரு பக்கமும் தவறு நேர்கிறது. மின்சாரத்தைத் தொட்டாலே உயிர் போய்விடும் என்று மிரட்டிவிட்டு உடனே செல்லைக் கையில் கொடுத்தால் பிள்ளை குழம்பும். எதுவுமே சொல்லாமல் விட்டாலோ, செல்லைத் தொட்ட அதே துணிச்சலோடு சுவர் பிளக்கில் கம்பியைச் செருகிப் பார்க்கும். செல்லின் 1.5 வோல்ட்டுக்கும் வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லி, சோதனைகள் செல்லோடு மட்டும்தான் என்று கண்டிப்பாக வகுத்துவிடுங்கள். பல்பு இல்லாமல் செல்லின் இரு முனைகளையும் கம்பியால் நேரடியாக இணைத்தால் கம்பி கையைச் சுடும். பவர் பேங்கிலிருந்து எடுத்த லித்தியம் செல்லிலோ வண்டி பேட்டரியிலோ அதைச் செய்தால் தீயே பிடிக்கலாம், ஆகவே அவற்றைப் பக்கத்திலேயே வைக்கக் கூடாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பட்டன் செல்களும் வேண்டாம். விழுங்கிய பட்டன் செல் உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துவிடக்கூடும்; விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.