இரண்டு மகன்களோடு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

என் மூத்தவன் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 5 வயதில் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்தவன். இளையவன் அங்கேயே பிறந்தவன். "உண்மையிலே நீ எந்த நாடு?" என்ற கேள்வி பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரையும் விடவில்லை. ஊருக்குப் போனால் அது தீரும் என்று நம்பினேன். போய் இறங்கிய அன்றே பக்கத்து வளவு ஐயா "கனடாப் பெடியள் வந்திட்டினம்" என்று அன்பாகத்தான் சொன்னார். மூத்தவனின் முகம் வாடிவிட்டது. ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிள்ளைகளுக்கு முதலே சொல்லி வையுங்கள்.

கனடாக் கடவுச்சீட்டு என்றால், இலங்கைக்குள் நுழைவதற்கான ஈடிஏ என்ற பயண அனுமதியைப் புறப்படுமுன் இணையத்தில் எடுத்துவிடுங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீட்டர். ரயிலில் போவதென்றால் இருக்கையை முன்பதிவு செய்யுங்கள். சென்னை வழியாக வருகிறவர்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு நேரே பறக்கலாமா என்று பாருங்கள். நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். அங்கே போய்க் கூச்சப்படாமல், வேட்டி கட்ட வீட்டிலேயே பழக்குங்கள்.

ஊரில் பிறந்த பிள்ளை இருந்தால், பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுக்க அவனையும் கூட்டிப்போங்கள். தன் பெயரும் அப்பம்மாவின் ஊரும் தமிழில் எழுதியிருந்த அந்தத் தாளை மூத்தவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற இளையவன், "எனக்கு இங்கே ஒரு தாளும் இல்லையே அப்பா" என்றான். அதற்கு நான் தயாராக இருக்கவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தாலும் இரண்டு பேருக்கும் ஊர் ஒன்றல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் திட்டத்தை மாற்றினேன். நீங்கள் முதலிலேயே மாற்றுங்கள். சொந்தக்காரர் வீடு வீடாக இருவரையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அண்ணனைத் தம்பிக்கு மொழிபெயர்ப்பாளன் ஆக்காதீர்கள். அவன் திருத்தத் திருத்த, தம்பி வாயே திறக்கவில்லை. இளையவனுக்கு மச்சானின் சைக்கிளைக் கொடுத்து, காலையில் பாண் வாங்கும் வேலையை விட்டேன். தெரிந்த பத்துத் தமிழ்ச் சொல்லோடு தனியாகத்தான் போனான். இரண்டு வாரமாவது தங்குங்கள். அதற்குக் குறைந்தால் கடைக்காரருக்கு முகம் பழகாது.

மூன்றாம் கிழமை ஒருநாள் அண்ணன்தான் பாண் வாங்கப் போனான். கடைக்காரர் அவனிடம் கேட்டாராம்: "தம்பி எங்க, இண்டைக்கு வரேல்லையோ?"