கேஸ்னா எரிக்க மட்டும்தானா? நாம அடிக்கடி பண்ற தப்புகள்

திருவாரூர் பக்கம் ராத்திரி பஸ்ல வந்தீங்கன்னா வயலுக்கு நடுவுல ஓஎன்ஜிசி சைட்ல தீ எரியுறத பாத்திருப்பீங்க. குத்தாலத்துலயும் திருமக்கோட்டையிலயும் பூமிக்குள்ளேர்ந்து எடுக்குற இந்த இயற்கை கேஸ எரிச்சுதான் கரண்ட் எடுக்குறாங்க, இதையே பாத்து பாத்து கேஸ்னா எரிக்கிற சாமான்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. முதல் தப்பு அதாங்க. சம்பாவுக்கு மேலுரமா தெளிக்கிறோமே யூரியா, ஜவ்வரிசி மாதிரி வெள்ளையா, ஈரக்கையில அள்ளுனா பிசுபிசுன்னு ஒட்டுமே, அதுக்கு மூலப்பொருளே இந்த கேஸ்தான்.

அதுலயும் ஒரு குழப்பம். யூரியாவுல உள்ள தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கேஸ்லேர்ந்து வருதுன்னு படிச்ச புள்ளைங்களே சொல்லுதுங்க. இல்லீங்க, தழைச்சத்து காத்துலேர்ந்து வருது. கேஸ்ல இருக்குற மீத்தேனையும் நீராவியையும் 800 டிகிரி வாக்குல நிக்கல் வினையூக்கி வழியா விட்டா ஹைட்ரஜன் பிரியும், அதோட காத்துல உள்ள நைட்ரஜன் சேந்தா அமோனியா, கூடவே கிடைக்கிற கார்பன் டை ஆக்சைடையும் அமோனியாவையும் சேத்தா யூரியா. 45 கிலோ மூட்டையில தழைச்சத்து 46 சதவீதம், 20 கிலோவுக்கு கொஞ்சம் மேல. அந்த நிக்கலுக்கு கந்தகம் ஆகவே ஆகாது, துளி போனாலும் கெட்டுரும், அதனால கேஸ் பாக்க சுத்தமா இருக்குன்னு கந்தகம் எடுக்குற வேலைய விட்டுறக் கூடாது.

வீட்டு சிலிண்டர்ல இருக்குறதும் இதுவும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க, சிலிண்டர்ல புரொப்பேனும் பியூட்டேனும். பிளாஸ்டிக் பண்ண எத்திலீன் வேணும், அதுக்கு கேஸ்ல மீத்தேனோட ஈத்தேன்ங்கிற வாயுவும் போதுமான அளவு இருக்கணும், அத டெஸ்ட் பண்ணி பாக்காம கேஸ் கிடைக்குது ஃபேக்டரி போடலாம்னு பேசுறது வெறும் பேச்சு.

இன்னொன்னு, நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்துல எடுக்குற கேஸையும் மன்னார்குடி மீத்தேன் திட்டத்தையும் ஒண்ணா போட்டு குழப்புறது. ரெண்டுலயும் மீத்தேன்தான், ஆனா கைவிடப்பட்ட அந்த மன்னார்குடி திட்டத்துல பழுப்பு நிலக்கரிக்குள்ள இருக்குறத எடுக்கறதா இருந்துச்சு, அதுக்கு முதல்ல நிலத்தடி தண்ணிய இறைச்சு வெளிய விடணும். நம்ம போர் தண்ணி என்னாகும்னு சனங்க பயந்தது நியாயமான பயம்.

2020ல வந்த வேளாண் மண்டலச் சட்டப்படி டெல்டாவுல புதுசா எண்ணெய், கேஸ் எடுக்க தடை இருக்கு. அப்ப உரத்துக்கு என்ன பண்றதுன்னு கேக்குறாங்க. மணலியிலயும் தூத்துக்குடியிலயும் இருக்குற உர ஆலைங்க முன்னாடி கச்சா எண்ணெயிலேர்ந்து பிரிக்கிற நாப்தாவுல ஓடுச்சு, இப்ப கேஸுக்கு மாறிருச்சு. மணலிக்கு எண்ணூர்ல கப்பல்ல வந்து இறங்குற கேஸ் போவுது, தூத்துக்குடிக்கு ராமநாதபுரத்துலேர்ந்து பைப்ல போவுது. அதுக்காக நம்ம வயல்ல புதுசா ஒரு கிணறு கூட தோண்டலங்க.