கர்ப்பிணிக்குத் தண்டுவடம் திடீரென அழுந்தினால்: பணி மருத்துவர் செய்ய வேண்டியவை

கர்ப்பத்தில் முதுகுவலி சகஜம். இந்த ஆபத்து கண்ணில் படாமல் போவதும் அதனால்தான். வலியோடு கால் பலமிழந்தாலோ, மார்பைச் சுற்றிக் கச்சை போல் இறுக்கினாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

கால் தசைகளின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிட்டு, நேரத்தோடு எழுதுங்கள். ஊசிமுனை உணர்வு எந்த மட்டத்துக்குக் கீழே மாறுகிறது என்று முதுகுப் பக்கமும் பாருங்கள். தொடக்கத்தில் ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் தசை துள்ளுவது) இல்லாமல் போகலாம்; அதை வைத்து கில்லன்-பாரே (நரம்புகளைத் தாக்கும் நோய்) என்று ஏமாற வேண்டாம், தெளிவான உணர்வு மட்டம் இருந்தால் தண்டுவடமே. சிறுநீர் கழித்த பிறகும் சிறுநீர்ப்பையில் 200 மி.லி.க்கு மேல் மீந்தால் சந்தேகம் வலுக்கும், கத்தீட்டர் போடுங்கள்.

அன்றே எம்.ஆர்.ஐ., முதுகெலும்பு முழுவதற்கும். எந்த மாதத்திலும் எடுக்கலாம், கேடோலினியம் என்ற சாய ஊசி வேண்டாம். 20 வாரம் தாண்டியிருந்தால் இடப்பக்கம் 15 டிகிரி சாய்த்துப் படுக்க வையுங்கள். ரத்தம் உறைவதை அறியத் தட்டணு, ஐ.என்.ஆர். பாருங்கள். அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். கர்ப்பத்திலேயே ஏறும், அதை நம்பிப் பயனில்லை.

நிமிடங்களில் தொடங்கி மணிக்கணக்கில் முற்றினால் ரத்தக்கட்டி. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் போடுகிறார்களா என்று கேளுங்கள். கடைசி மாதங்களில் மார்பு முதுகெலும்பில் அழுத்தம் என்றால் ஹெமாஞ்சியோமாவாக (ரத்தக்குழாய்க் கட்டி) இருக்கலாம். நம் ஊரில் காசநோயை மறக்கவே கூடாது. அதற்கான மருந்துகளில் ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் வேண்டாம், குழந்தையின் செவி கெடும். டிஸ்க் விலகல், சீழ், புற்றுக்கட்டி ஆகியவையும் உண்டு.

பலவீனம் கூடிக்கொண்டே போனால் கர்ப்பத்தைக் காரணம் காட்டி அறுவையைத் தள்ளாதீர்கள். ரத்தக்கட்டியை 12 மணி நேரத்துக்குள் எடுத்தால் மீள வாய்ப்பு அதிகம். சுமார் 34 வாரம் கடந்திருந்தால் முழு மயக்கத்தில் சிசேரியன், தொடர்ந்து முதுகு அறுவை. அதற்கு முன்பென்றால் பெரும்பாலும் கர்ப்பம் தொடரலாம். வயிறு அழுந்தாமல் தொங்கும் சட்டத்தில் குப்புறவோ, இடப்பக்கமாகவோ படுக்க வைத்து, அறுவைக்கு முன்னும் பின்னும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பாருங்கள். 24–34 வாரத்தில் பிரசவம் நெருங்கினால் குழந்தையின் நுரையீரலுக்காக பீட்டாமெத்தசோன் 12 மி.கி., 24 மணி இடைவெளியில் இரண்டு ஊசி. அதற்காகவும் அறுவை காத்திருக்கக் கூடாது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு புற்றுக்கட்டி அழுத்தத்துக்கு உதவும். ரத்தக்கட்டிக்கு அது மருந்தல்ல.

பாதிப்பு மார்பின் 10-ஆம் மட்டத்துக்கு மேலிருந்தால் பிரசவ வலி தெரியாமலே போகலாம். கருப்பைச் சுருக்கத்தைக் கைவைத்துப் பாருங்கள். 6-ஆம் மட்டத்துக்கு மேலென்றால் தண்டுவடப் பாதிப்பாலேயே தலைவலி, முகச் சிவப்பு, திடீர் ரத்தக்கொதிப்பு வரலாம். ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோய்) என்று முடிவுகட்டும் முன் எழுப்பி உட்கார வைத்து, கத்தீட்டர் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.